குறுக்கீட்டுக்கு அவர் போட்ட கணக்கு

"இந்த அறையில் தேவையின்றி எந்த விசையையும் அழுத்தக் கூடாது. ஒவ்வொரு அழுத்தமும் இயந்திரத்தின் வேலையை நிறுத்துகிறது. நிறுத்துபவரே பொறுப்பு."

1986ஆம் ஆண்டு ஆகஸ்டில், காளவாசலுக்கு மேற்கே இருந்த ஒரு பஞ்சாலை அலுவலகத்தின் மாடியில், டெர்மினல் அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு இது. பார்த்த அன்றே என் நாட்குறிப்பில் படியெடுத்துக்கொண்டேன். அறிவிப்பில் தேதி எழுதியிருந்த மூலையில் பசை ஊறி மை கலைந்திருந்ததால் மாதத்தை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடிகிறது. கையெழுத்து எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளருடையது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரும் எங்களில் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அறையில் திரையும் விசைப்பலகையுமாக ஆறு டெர்மினல்கள் இருந்தன. அவற்றின் முன் உட்கார்ந்து சம்பளக் கணக்கையும் நூல் விற்பனைக் கணக்கையும் உள்ளே ஏற்றும் ஆறு பெண்களை அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்றே கூப்பிடுவார். "அஞ்சு, இங்க வாங்க. ரெண்டு, அந்தத் தாள் கட்டை மூணுகிட்ட குடுங்க." நான் கணக்குப் பிரிவிலிருந்து மாடிக்கு அனுப்பப்பட்டவன். காந்த நாடாக்களை மாட்டுவதும் கழற்றுவதும், அச்சு இயந்திரத்துக்குத் தாள் வைப்பதும் என் வேலை. என் பெயர் 'டேப்'. மரியாதையில் மட்டும் குறை வைக்கமாட்டார். திட்டும்போதும் 'நீங்க'தான். அந்த 'நீங்க' என்னைச் சுட்ட அளவுக்கு எந்த 'டேய்'யும் என்னைச் சுட்டதில்லை.

ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடி, வெளுத்த அரைக்கைச் சட்டை. கடிகாரத்தின் முகப்பை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். மெட்ராஸில் பெரிய படிப்புப் படித்தவர் என்று சொன்னார்கள். எந்தப் படிப்பு என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. அவர் அறைக்குள் போய் "சார்" என்றால் இடது உள்ளங்கை எழும். முகம் திரும்பாது. கையிலிருக்கும் வரியை முடிப்பார். ஓரத்தில் சின்னக் கோடு ஒன்று இழுப்பார். அடுத்து என்ன செய்யவிருந்தார் என்பதை இரண்டு வார்த்தையில் எழுதுவார். பென்சிலைக் கோட்டுக்கு நேராகப் படுக்க வைப்பார். அதன் பிறகுதான் நாற்காலி திரும்பும். "ம். இப்ப சொல்லுங்க." அதற்குள் வந்த காரியம் நமக்கே மறந்திருக்கும்.

சொல்லி முடித்தாலும் உடனே விடமாட்டார்.

"நீங்க பேசினது அரை நிமிஷம். ஆனா எங்க விட்டேன்னு நான் குறிச்சு வைக்கணும். மனசுல இருந்த நம்பரையெல்லாம் இறக்கி வைக்கணும். நீங்க போனதும் ஒவ்வொண்ணா திரும்ப ஏத்தணும். உங்க கேள்விக்கு ஆன செலவைவிட இதுக்கு ஆன செலவு ஜாஸ்தி. உள்ள இருக்கிற மிஷினுக்கும் இதே கதிதான். நீங்க ஒரு எழுத்தைத் தட்டினா, அது செய்யற வேலையைப் பாதியில வச்சுட்டு, உங்க எழுத்தை வாங்கி, திரையில காட்டி, மறுபடி பழைய வேலைக்குப் போகணும். அந்தச் செலவை யார் கணக்குல எழுதறது?"

இதில் தவறு எதுவும் இல்லை. பிற்பாடு இந்தத் துறைப் புத்தகங்கள் சிலவற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். குறுக்கீடு என்பதை அவர் அளவுக்குத் தெளிவாக அவை சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஐந்தாம் டெர்மினலில் இருந்தவள் பேச்சியம்மாள். நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அவள் விரல் ஓடும் சத்தம் ஓட்டுக் கூரையில் மழை விழுவது போல இருக்கும். அவர் அந்தப் பக்கம் போனதும் இடது கையைத் தூக்கிக் காட்டி, "சாமி வரம் குடுக்குது, வந்து வாங்கிக்கங்கடி" என்பாள். மற்ற ஐந்து பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கை ஒருமுறை வரத்துக்குப் பதிலாகச் சாபம் கொடுத்தது. ஆலையின் எலெக்ட்ரீஷியன் காதர் பாய், மாடியில் ஒரு ஃபேனை மாற்ற ஏணியோடு வந்தவர், அவர் அறை வாசலில் நின்று கேட்டார்: "சார், மெயினை அமத்தவா?" பதில் இல்லை. "சார், அமத்திரவா?" உள்ளங்கை எழுந்தது. பாய் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மெயினை அணைத்தார். காலையிலிருந்து ஏற்றிய கணக்கு அத்தனையும் போயிற்று. விசாரணையில் பொறுப்பாளர் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் இன்னும் திரும்பவே இல்லையே." பாய்க்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. "மாப்ள, கையத் தூக்குனா நிறுத்துன்னு அர்த்தமா, நடத்துன்னு அர்த்தமா? ட்ராபிக் போலீஸ்கூட மூஞ்சியக் காட்டித்தான்யா கையத் தூக்குறான்" என்று என்னிடம் புலம்பினார் பாய்.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஒரு மத்தியானம் என் அப்பா காளவாசலில் சைக்கிளோடு விழுந்துவிட்டார் என்று யாரோ ஆலைக்குப் போன் செய்திருக்கிறார்கள். மாடிக்கான போன் அவர் அறையில்தான் இருந்தது. எடுத்தவர் அவர். நான் அப்போது மாதக் கணக்கு நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாடாவும் ஓடி முடிந்து, நான் கழற்றி உறையில் போட்ட பிறகு வந்து நின்றார். "உங்க ஃபாதர் விழுந்துட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

"எப்ப சார்?"

"சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. அப்பவே சொல்லியிருந்தா நாடா பாதியில நின்னிருக்கும். முக்கியமான வேலை நடக்கும்போது குறுக்கீடுகளை மிஷின் அடைச்சு வைக்கும். அடைச்சு வச்சது தொலைஞ்சு போகாது, வரிசையில நிக்கும். இப்ப போங்க."

அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும்தான் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். "என்னடா, பஸ் கிடைக்கலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து பொறுப்பாளரிடம் எனக்கு நல்லெண்ணம் இல்லை. இதைப் படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

இனி சம்பளச் சீட்டு விஷயம். ஆலையில் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தன்று காலை ஷிப்ட் முடியும் முன் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டுகள் அச்சாகி வாசலுக்குப் போய்விட வேண்டும். அந்த வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன் தொடங்கி, சீட்டுகள் தாமதமாயின. கணக்கு ஓடும் வேகம் நடுவில் சுருங்கிப் போகும், காரணம் தெரியவில்லை. வாசலில் நின்ற ஆட்கள் மாடியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். நிர்வாகம் அவரிடம் காரணம் கேட்டது. அளந்து சொல்கிறேன் என்றார் அவர்.

அதே சமயத்தில் பேச்சியம்மாளின் பெர்மனென்ட் ஆர்டர் கையெழுத்துக்குப் போயிருந்தது. அது அவளுக்கு என்ன என்பது அறை முழுக்கத் தெரியும். வீட்டில் உசிலம்பட்டிப் பக்கத்து அத்தை மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரம் இல்லையென்றால் தையில் கல்யாணம். நிரந்தரமானால் அவள் சொன்னபடி விடுவது என்று அவளுடைய அப்பா நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டிருந்தார். "அந்த ஆர்டர மட்டும் வாங்கிட்டேன்னு வைங்கண்ணே, எங்கப்பா வாயில பசை போட்டு ஒட்டிருவேன்" என்பாள் என்னிடம். "அப்பறம் ஒரு பய என்னையப் பொண்ணு பாக்க வரமுடியாது. நான்தான் மாப்ள பாக்கப் போவேன்."

ஒரு சனிக்கிழமை அளவெடுத்தார். அளந்த முறையைச் சொல்ல வேண்டும். மனுஷனைப் பிடிக்காது என்றாலும் முறை அழகாக இருந்தது. ஒரு சின்னப் புரோகிராம் எழுதியிருந்தார். அது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும். வேறு எதுவும் செய்யாது. இயந்திரத்துக்கு மற்ற வேலை இல்லாதபோதெல்லாம் எண்ணிக்கொண்டே போகும். ஆறு டெர்மினலும் சும்மா இருக்கும்போது, அவர் கடிகாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் அது எவ்வளவு எண்ணுகிறது என்று முதலில் பார்ப்பார். பிறகு ஒரு பெண்ணைத் தட்டச் சொல்லி, அதே நேரத்துக்கு மறுபடி ஓட்டுவார். எண்ணிக்கை குறையும். குறைந்த பங்குதான் அந்தப் பெண்ணின் விசைகள் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தித் தின்ற நேரம். தட்டிய எழுத்துகள் எந்தக் கணக்கிலும் சேராமல் வீணாய்ப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார். அப்போதுதான் குறுக்கீட்டின் செலவு மட்டும் தனியாகத் தெரியும்.

"எல்லாரும் கையை மடியில வைங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது."

"மூச்சு விட்டுக்கலாமா சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் கேட்காதது போலக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு, ஆரம்பிங்க."

"எதை சார் அடிக்க?"

"எதை வேணா அடிங்க. அதை யாரும் படிக்கப் போறதில்ல."

"அப்பன்னா மனசுல உள்ளத அடிக்கலாம்டி" என்று பேச்சியம்மாள் சொன்னதும் முதலாம் டெர்மினல் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டியதில் முதல் அளவு கெட்டது. மறுபடி எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொருவரும் தத்தம் நாற்காலியில். ஒவ்வொன்றிலும் இழப்பு சின்னது. ஐந்தின் முறை வந்தது. பேச்சியம்மாள் புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தயம் போல அடித்தாள். இடையில் வரியை மாற்றும் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடவிடுவது அவள் பழக்கம், அதையும் செய்தாள். எண்ணிக்கை சரிந்தது. அவர் புருவம் உயர்ந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அப்படியே. ஆறாவது பெண்ணுக்கு மறுபடி சின்ன இழப்புதான்.

"அஞ்சுதான்" என்றார்.

"என்னா சார் அஞ்சு?"

"மத்த எல்லாரும் சேர்ந்து நிறுத்தறதைவிட நீங்க ஒருத்தர் அதிகமா நிறுத்தறீங்க."

"வேகமா அடிச்சாத் தப்பா சார்? மெதுவா அடிச்சா தூங்குறீங்களான்னு கேக்குறீக. வேகமா அடிச்சா மிஷினு நிக்கிதுங்குறீக. அம்புட்டு நோஞ்சான் மிஷினா அது?"

"நான் திட்டல. அளவைச் சொல்றேன்."

"அப்ப என்னைய மூணாம் நம்பர்ல உக்கார வச்சு ஒருக்கா அளங்க. அங்கனயாச்சும் ஃபேன் காத்து வரும். இங்க வேர்வையில விரலு வழுக்குது."

உள்ளங்கை எழுந்தது. "அளவு எடுத்து முடிஞ்சாச்சு. முடிஞ்சதுல குறுக்க வராதீங்க."

அவள் ஃபேனுக்காகத்தான் கேட்டாள். ஆனால் அந்த ஒரு காரியத்தை அவர் செய்திருக்க வேண்டும். ஆளையும் இடத்தையும் மாற்றிப் பார்க்காமல், இழப்பு ஆளால் வந்ததா இடத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை படித்தவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. அவருக்கு ஆளும் இடமும் வேறு வேறாகவே இல்லை என்பதுதான் என் முடிவு. ஐந்து என்றால் அந்த நாற்காலி, அந்தத் திரை, அதில் உட்கார்ந்தவள், எல்லாம் ஒன்று.

அறிக்கை கீழே போனது. நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம். அது எண்களோடு வந்தது. அடுத்த வாரம் பேச்சியம்மாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தாள் வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். "அஞ்சு, இதுல கையெழுத்து போடுங்க." தற்காலிகப் பணி முடிவுக்கு வருகிறது என்ற கடிதம் அது.

அவள் படித்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில் கேட்டாள்: "எம்பேரு தெரியுமா சார் உங்களுக்கு?"

அவர் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, அதில் இருந்ததைப் பார்த்துப் படித்தார்: "பேச்சியம்மாள்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அன்றைக்கு "போறேண்ணே" என்றாள். தையில் கல்யாணம் நடந்தது. அறையிலிருந்து யாரும் போகவில்லை.

ஐந்தாம் டெர்மினலுக்கு ஆனையூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டுவாள். அவள் வந்த பிறகும் சம்பளச் சீட்டு தாமதமானது. வாசல் கூச்சல் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அவர் மறுபடி எண்ணும் புரோகிராமை எடுத்தார். ஐந்தில் அதே சரிவு. அந்தப் பெண்ணை எழச் சொல்லிவிட்டு என்னை அங்கே உட்கார வைத்தார். "டேப், ஒரே ஒரு எழுத்தை மெதுவாத் தட்டுங்க. நின்னு நின்னு." ஒற்றை விரலால் தட்டினேன். எண்ணிக்கை சரிந்தது. அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த சில நாள்கள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. இயந்திரத்தின் அடிப்படை நிரலை, கெர்னல் என்பார்கள், அவரே திறந்து, டெர்மினல்களுக்குப் போகும் ஒவ்வொரு கம்பித் தடத்திலும் வரும் குறுக்கீடுகளைத் தனித்தனியாக எண்ணும்படி மாற்றி எழுதினார். அந்த ஊரில் அன்றைக்கு அதைச் செய்யக்கூடியவர் வேறு யாரும் இருந்ததாக நான் அறியேன். ஓட்டிப் பார்த்தபோது ஐந்தாம் தடத்தில் என் விரல் தட்டிய அளவுக்கே எண்ணிக்கை இருந்தது. ஏழாம் தடத்தில் குவிந்து கிடந்தது.

ஆறு டெர்மினல்களுக்கு ஏது ஏழாம் தடம்? அது அவர் அறைக்குப் போனது. ஆரம்பத்தில் அவருக்கும் ஒரு டெர்மினல் இருந்தது. திரை ஒளிர்ந்தால் சும்மா இருக்கிறார் என்று நினைத்து ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்று சொல்லி, சீட்டுத் தாமதம் தொடங்குவதற்குச் சற்று முன்தான் அதைக் கழற்றி, புதுக் கம்பி இழுத்து, வெளியே ஆறாவதாகப் போடச் செய்தார். "நான் மிஷினைத் தொந்தரவு பண்றதில்ல" என்று பெருமையாகச் சொல்வார். டெர்மினல் போயிற்று, கம்பி போகவில்லை.

இரும்பு பீரோவை நானும் அவரும் சேர்ந்து நகர்த்தினோம். ஒட்டடைக்குள் கம்பியின் முனை தினத்தாள் துண்டில் சுற்றிக் கிடந்தது. சுவருக்குள் அது ஐந்தாம் டெர்மினலின் கம்பியோடு ஒரே குழாயில் ஓடி வந்திருந்தது. அந்தத் தடத்தில் யாராவது வந்து தன் பெயரைச் சொல்வார்களா என்று இயந்திரம் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்துக் கம்பியில் எழுத்து ஓடும்போது அதன் சலனம் இதிலும் பட்டது. யாரோ வந்துவிட்டார்கள் என்று இயந்திரம் "யார்?" என்று கேட்டது. கேட்ட கேள்வியே முனையில் மோதித் திரும்பி வந்தது. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டது. ஐந்தில் விசை நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அடங்கும்.

அவர் அந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு, "பாயை வரச் சொல்லுங்க" என்றார்.

காதர் பாய் இரண்டு பக்கமும் கம்பியைத் துண்டித்தார். விஷயத்தை நான் சொன்னதும் வெட்டிய துண்டைத் தூக்கிப் பார்த்தார். "ஆளே இல்லாத எடத்துல இம்புட்டு நேரம் இது தன்னால பேசிக்கிட்டிருந்துச்சாக்கும். யா அல்லா! அதுக்கு அந்தப் புள்ளைய அனுப்பிட்டாங்களே மாப்ள." பொறுப்பாளர் கதவருகில்தான் நின்றிருந்தார். பாய் வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னார்.

அந்த மாதம் சீட்டுகள் நேரத்துக்கு அச்சாயின. "கருவிக் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது" என்று கீழே எழுதி அனுப்பினார். நிர்வாகம் பாராட்டியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் உள்ளே போனேன். கை எழுந்தது. கோடு, இரண்டு வார்த்தை, பென்சில், நாற்காலி எல்லாம் முடியும் வரை நின்றேன்.

"சார், பேச்சியம்மாளுக்குச் சொல்லி அனுப்பலாமா?"

"என்னன்னு?"

"தப்பு அவ மேல இல்லேன்னு. கீழ எழுதினா மறுபடி எடுத்துக்குவாங்க."

என்னையே பார்த்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. "ஒரு வேலையை முடிச்சு மூடினதுக்கு அப்புறம் அதைத் திரும்ப எடுக்கறதுக்கு எவ்வளவு ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. அஞ்சுல ஆள் இருக்காங்க. கீழ அறிக்கை போயாச்சு. அந்தப் பொண்ணுக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும்."

"ஆயிருச்சு சார்."

"அப்ப என்ன?" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பென்சிலை எடுத்தவர் ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கதவைச் சாத்தும் வரை எழுதத் தொடங்கவில்லை. அடுத்த வருடம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வழியனுப்பும் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. நாங்கள் ஏற்பாடு செய்யவும் இல்லை.

1989இல் காளவாசல் பஸ் நிறுத்தத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பையன். புருஷனுக்கு உரக்கடை, குறையில்லை என்றாள். கம்பி விஷயத்தை அங்கேயே நின்று சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் அடிச்சதுனால இல்லையா?"

"இல்ல."

"அந்தாளு ரூம்ல கெடந்த வயரா?"

"ஆமா."

சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தேன். பையனின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "நல்ல வேலைண்ணே அது. எனக்குப் புடிச்ச வேலை" என்றாள். பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பா ஒண்ணு சொன்னாருண்ணே. கல்யாணம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஒரு ஆளு ஸ்கூட்டர்ல எங்க ஊருக்கு வந்துச்சாம். பேச்சியம்மாள் வீடு எதுன்னு நாலு எடத்துல விசாரிச்சு வந்துச்சாம். எங்கப்பா, அவளக் கட்டிக்குடுத்தாச்சு, இனிமே ஆபீஸ்காரக யாரும் இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லிட்டாரு. அந்தாளு வண்டியத் திருப்பிப் போயிருச்சாம்."

"யாராம்?"

"பேரு சொல்லலையாம். ஒல்லியா இருந்துச்சா, கண்ணாடி போட்டிருந்துச்சான்னு துருவித் துருவிக் கேட்டேன். ஆபீசருன்னா எல்லாரும் ஒரே மாதிரித்தான இருக்காகன்னுட்டாரு."

"அப்பாகிட்ட நான் ஒருதடவை கேட்டுப் பார்க்கவா?"

"போன மாசிக்கு மொத மாசி தவறிட்டாருண்ணே" என்றாள். அவளுக்கான பஸ் வந்தது.

அன்றிரவு நாட்குறிப்பில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். வந்தவர் ஆலையிலிருந்து அனுப்பப்பட்ட வேறொருவராக இருக்கலாம். ஏதாவது கையெழுத்து விடுபட்டிருக்கலாம். ஊரில் கடன் வசூலிக்க வந்த கூட்டுறவு வங்கி ஆளாகவும் இருக்கலாம். எங்கள் பொறுப்பாளர் ஸ்கூட்டர் ஓட்டி நான் பார்த்ததில்லை. இரவல் வாங்கியிருக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. பெங்களூர் விலாசம் என்னிடம் இருக்கிறது. ஒரு கார்டு எழுதினால் போதும். ஆம், நான்தான் என்று பதில் வந்துவிட்டால் இங்கே எழுதியதில் பாதியை நான் திருத்த வேண்டியிருக்கும். திருத்த எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஸ்கூட்டரில் அந்த ஊருக்குப் போனவர் அவர்தானா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.